மனைவியின் வீட்டுப் பாதுகாப்புக்கு முதல் கைத்துப்பாக்கி: டெக்சாஸுக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் புதிதாக வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர்கள், கணவர் வேலை நிமித்தமாக அடிக்கடி வெளியூர் போகிறார், மனைவி குழந்தையுடன் தனியாக இருக்கிறார், அவருக்கு எந்தக் கைத்துப்பாக்கி நல்லது என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நியாயமான கவலைதான். ஆனால் எந்த மாடல் என்பதற்கு முன்பாகவே விடை தெரிய வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. அவர் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறதா? அவருக்கு அது வேண்டுமா?

முதலில் சட்டம். டெக்சாஸில் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ள மாநில உரிமமோ பதிவோ தேவையில்லை. அதனால் எல்லாருக்கும் திறந்த கதவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, துப்பாக்கியையோ தோட்டாவையோ தம் வசம் வைத்திருக்கக் கூடாது. மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று விசாவில் இருப்பவர் போய்ச் சுட்டுப் படம் எடுத்துப் பகிர்வது ஆபத்தான விளையாட்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருப்பது வேறு, அது கையில் இருப்பது வேறு. நடுவில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் கடைப்பக்கம் போக வேண்டாம். கிரீன் கார்டு வந்த பின்னரும், துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தப்பட அதுவே போதுமான காரணம் ஆகும்.

நம் குடும்பங்களில் அடிக்கடி நேரும் சிக்கல், கணவருக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்து, மனைவி இன்னும் தற்காலிக விசாவில் இருப்பது. அப்படியிருக்க, 'என் பெயரில் வாங்கி அவளிடம் கொடுத்துவிடுகிறேன்' என்பது தீர்வாகாது. தடை உள்ளவர் என்று தெரிந்தே கொடுப்பது கொடுப்பவர் மீதே குற்றம். வீட்டில் கணவரின் துப்பாக்கி இருந்தால் அதன் பெட்டிச் சாவியும் எண்ணும் அவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். அப்படியானால் மனைவி தனியாக இருக்கும் இரவில் அது எதற்கும் உதவாது. ஆகவே அவர் கையில் கிரீன் கார்டு வரும் வரை இந்த யோசனையைத் தள்ளி வைத்துவிட்டு, கதவு நிலைச்சட்டத்தைப் பலப்படுத்துதல், அலாரம், வெளி விளக்குகள் ஆகியவற்றில் பணத்தைப் போடுங்கள்.

தடை இல்லாதவர் என்றால், உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும்; கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மனைவிக்கு உண்மையான பரிசாக வாங்கித் தர சட்டம் இடம் தருகிறது. ஆயினும் அவரே கடைக்கு வந்து, அவர் பெயரிலேயே படிவத்தை நிரப்பி வாங்குவதுதான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. நியூ ஜெர்சி, கலிபோர்னியா, இல்லினாய் போன்ற மாநிலங்களில் அனுமதிச் சீட்டு, காத்திருப்புக் காலம், அடையாள அட்டை என்று நடைமுறையே வேறு. அங்கிருப்பவர்கள் இதை டெக்சாஸ் நிலவரமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, அவருடைய விருப்பம். தங்க நகைக்காகத் தெற்காசியர் வீடுகளைக் குறிவைக்கும் திருட்டுச் செய்திதான் பெரும்பாலும் இந்தப் பேச்சைத் தொடங்கி வைக்கிறது. அந்தத் திருடர்கள் பெரும்பாலும் ஆளில்லாத வீட்டைத்தான் தேடுகிறார்கள். அதற்கு மருந்து வங்கி லாக்கர். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 2 கோடிக்கும் மேற்பட்ட மக்களைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வு, கைத்துப்பாக்கி உடைமையாளர்களிடையே துப்பாக்கியால் நிகழும் தற்கொலை, ஆண்களில் ஏறத்தாழ 8 மடங்கும் பெண்களில் 35 மடங்கும் அதிகம் என்று கண்டது. ஊரை விட்டு வந்த தனிமை, வேலை அனுமதி இல்லாத சலிப்பு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஆகியவை நம் பெண்களிடம் பேசப்படாமலே கிடப்பவை. கணவருக்கும் வேலை போன காலத்தில் இதே நிலை வரலாம். வீட்டில் ஒருவருக்கு அப்படிப்பட்ட காலம் நடக்கிறதென்றால், அல்லது சண்டை கைநீட்டும் அளவுக்குப் போகிற வீடென்றால், துப்பாக்கி வேண்டாம். மனைவி வேண்டாம் என்று சொன்னாலும் அத்தோடு பேச்சு முடிந்தது.

அவர் விரும்புகிறார், கற்கத் தயாராகவும் இருக்கிறார் என்றால், தேர்வை அவர் கையிடம் விட வேண்டும். பெண்களுக்குச் சிறிய துப்பாக்கி என்பது கடைகளில் இன்னும் புழங்கும் தவறான அறிவுரை. ஐந்து தோட்டா பிடிக்கும், சுமார் 15 அவுன்ஸ் எடையுள்ள குட்டி ரிவால்வரை எடுத்து நீட்டுவார்கள். எளிமையானது, சுடும்போது சிக்கி நின்றுவிடாது என்பார்கள். அதன் விசையை (டிரிகரை) இழுக்க ஏறத்தாழ 10 முதல் 12 பவுண்டு அழுத்தம் வேண்டும். அந்த இழுப்பிலேயே குறி நகர்ந்துவிடும். எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கூடும் என்பதால், நான்கு முறை சுட்டதும் உள்ளங்கை வலித்து, அந்தப் பெண் அதை மறுபடி தொட மாட்டார். உடையில் மறைத்து எடுத்துச் செல்வதற்காகச் செய்த பொருள் அது. வீட்டில் வைத்துக்கொள்ள மறைக்கும் அவசியம் இல்லாதபோது, நடுத்தர அளவுள்ள 9 மி.மீ. பிஸ்டலே பெரும்பாலோருக்குப் பொருந்தும்: எடை அதிகம், பிடி நீளம், விசை இலேசு. குளாக் 19 பரவலாக விற்பதற்குக் காரணம் உண்டு. 15 தோட்டாக்கள் பிடிக்கும், விசை இழுப்பு ரிவால்வரில் பாதிதான், பிடியின் பின்பக்கத் தகட்டை மாற்றிக் கையளவுக்கு ஏற்றவாறு அமைக்கலாம். வால்தர் பிடிபி-எஃப் சிறிய கைகளை அளந்தே வடிவமைக்கப்பட்டது.

ஆனால் பெயர்களைப் பட்டியலிடுவதைவிட அளந்து பார்க்கும் முறையைத் தெரிந்துகொள்வது பயன்படும். காலியாக இருப்பதை விற்பவரும் நீங்களும் தனித்தனியே சரிபார்த்த பிறகு, அவர் துப்பாக்கியைப் பிடித்து, குழல் முன்கையின் நேர்கோட்டில் இருக்கும்படி வைத்துக்கொள்ளட்டும். அந்த நிலையில் ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையின் நடுவில் படிகிறதா? விரலை எட்ட வைப்பதற்காக மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி அவருக்குப் பெரியது. பிறகு ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேல்பகுதியில் பின்னோக்கி நகரும் பாகம். அதை இழுக்க வலுவில்லை என்று பெண்கள் சொல்வது பெரும்பாலும் முறை தெரியாததால் வருவது. துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவந்து, குழல் இலக்கின் பக்கமே இருக்க, இடக்கையால் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து இறுகப் பற்றிக்கொண்டு, வலக்கையால் பிடியை முன்னே தள்ள வேண்டும். முடிவில் ஸ்லைடைச் சட்டென்று விட்டுவிட வேண்டும். இவ்வாறு செய்தும் முடியவில்லை என்றால், மூட்டுவலி உள்ளவர்களையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஸி (EZ) இருக்கிறது. அதில் 380 எனப்படும் தோட்டாவைச் சுடும் வகையின் ஸ்லைடு வியக்கத்தக்க அளவுக்கு இலேசானது. தோட்டாவின் வலு சற்றுக் குறைவு என்பதை அதற்கான விலையாகத் தயங்காமல் ஏற்கலாம்.

வாங்கும் முன் வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சில் மூன்று நான்கு வகைகளைச் சுட்டுப் பார்க்கட்டும். கணவர் கற்றுத்தர வேண்டாம். பயிற்றுநரிடம் அடிப்படை வகுப்புக்குப் பணம் கட்டுங்கள். பெண்களுக்கான தனி வகுப்புகளும் நடக்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்கு என்.சி.சி.யில் பிடித்த பாயின்ட் 22 ரைபிளைத் தாண்டி அனுபவம் கிடையாது. கைத்துப்பாக்கி அதைவிடக் கடினமானது. இரண்டு நடைமுறைக் குறிப்புகள். உள்ளரங்கில் சத்தம் 160 டெசிபெல் வரை போகும். காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் காதுறையும் சேர்த்தே அணிய வேண்டும். கழுத்து இறக்கமான குர்த்தி வேண்டாம். வெளியே தெறிக்கும் சூடான வெற்றுக் குப்பி கழுத்து வழியே உள்ளே விழுந்தால் பதறித் திரும்புவார்கள், துப்பாக்கியும் கூடவே திரும்பும். கருவுற்றிருக்கும் காலத்தில் ஈயத் தூசிக்காகவும் சத்தத்துக்காகவும் ரேஞ்சைத் தவிர்க்க வேண்டும். மற்ற நேரத்திலும் முடிந்ததும் கை கழுவி, வீட்டுக்கு வந்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

இங்கே வீட்டின் உட்சுவர்கள் ஜிப்சம் பலகை. ஊரில் செங்கல் சுவர் தடுப்பதைப் போல இவை தோட்டாவைத் தடுக்கா. வீட்டில் வைப்பதற்கு நுனி குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டா ஏற்றது. என்றாலும் குறி தவறினால் அதுவும் பல பலகைகளைத் துளைத்துச் செல்லும். ஆகவே குழந்தையின் அறை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வைத்தே எங்கே நிற்பது என்று பகலிலேயே முடிவு செய்யுங்கள். சத்தம் கேட்டால் வீட்டைச் சுற்றித் தேடப் போகக் கூடாது. குழந்தையுடன் ஓர் அறைக்குள் போய்த் தாழிட்டு, 911-ஐ அழைத்து, முதலில் முகவரியைச் சொல்லி, கதவைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும்.

பூட்டி வைப்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 17 வயதுக்குட்பட்டவர் கையில் சுடத் தயார் நிலையில் துப்பாக்கி கிடைக்கும்படி கவனக்குறைவாக விட்டால் டெக்சாஸில் அது குற்றம். தலையணைக்கு அடியிலும் சேலைகளுக்கு நடுவிலும் வைப்பது மறைப்பே தவிரப் பாதுகாப்பாகாது. பொத்தான்களை அழுத்தித் திறக்கும் சிறிய இரும்புப் பெட்டியைக் கட்டிலோடோ சுவரோடோ திருகாணி போட்டு இறுக்குங்கள். மின்கலம் தேவைப்படாத இயந்திரப் பூட்டு எனக்குப் பிடித்தது. ஆறு மாதத்துக்கு வந்து தங்கும் அப்பா அம்மாவிடம் அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள், எண்ணைச் சொல்லாதீர்கள். அவர்கள் வந்திருப்பது பி-2 விசாவில். தவிர, பேரப்பிள்ளை கேட்டால் எதையும் எடுத்துக் கொடுக்கும் மனம் அவர்களுடையது.

கடைசியாக, ரேஞ்சுக்குத் தனிப் பை ஒன்றை வாங்கி, அதை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். அதே பையில் துணியை அடுக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பி, ஓரத்தில் ஒளிந்திருந்த ஒரே ஒரு தோட்டாவால் இந்திய விமான நிலையத்தில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பயணப் பெட்டிகளை ரேஞ்சுச் சாமான்கள் இருக்கும் அலமாரிப் பக்கமே வைக்க வேண்டாம்.