கடை திறந்திருக்கு, போனில மூடிக் கிடக்கு: திருகோணமலை டவுன் அனுபவங்கள்

கச்சான்காத்து:
சென்ட்ரல் ரோட்டில கயிறு, தூண்டில், தார்ப்பாய் விக்கிற பழைய கடை. எது எண்டு இங்க எல்லாருக்கும் விளங்கும். போன கிழமை கொழும்புப் பெடியள் ரெண்டு பேர் பைக்கில சாமான் கட்டக் கயிறு தேடி, அந்தக் கடை வாசல்லயே நிண்டு என்னட்டப் போனை நீட்டினாங்கள். கூகுள் மேப்பில சிவப்பில "நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது". உள்ளுக்க கடைக்கார ஐயா இருக்கிறார், சாம்பிராணி புகையுது. எட்டிப் போனை வாங்கிப் பாத்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திரும்பவும் பாத்தார். "நான் எப்ப தம்பி மூடினனான்?" அந்தக் குரல் இன்னும் காதுக்க நிக்குது.

கோட்டைவாசல்:
மேப்பில பிழை சொல்லி என்ன வரப்போகுது? ஞாயிற்றுக்கிழமை. கோணேசர் கோயிலுக்கு வந்த பஸ்கள் வரிசையா நிக்குது. ஒரு அம்மா, பேரப்பிள்ளையின்ர செருப்பு அறுந்துபோச்சு, கடை எங்க எண்டு கேட்டா. கூட்டிக்கொண்டு போனன். போன இடமெல்லாம் ஷட்டர். தார் கொதிக்குது, பிள்ளை காலை மாத்தி மாத்தி வைக்குது. கடைசியில நான்தான் தூக்கிக்கொண்டு திரும்பினன். எங்கட கடல் அமைதியா இருக்கிறது ஏப்ரல் தொடங்கிச் செப்டெம்பர் மட்டும். அதுக்குள்ளயாவது ஞாயிறு திறக்கேலாதா? வாற சனம் டவுனுக்குள்ள கால் வைக்காமலே உப்புவெளி, நிலாவெளி எண்டு போயிடுது.

வளையல்காரி:
கோட்டைவாசல் அண்ணை, கடையில நிக்கிற பிள்ளையளுக்கு அந்த ஒரு நாள்தான் லீவு. அதையும் பறிக்கச் சொல்லாதேங்கோ. முறை வச்சுத் திறக்கலாம்.

என்ர கதை சின்னது. வளையல் எடுத்தன், கையில காசில்லை. போனால காசு கட்டுற லங்கா கியூஆர் அட்டை சாமிப் படத்துக்குப் பின்னால கிடந்தது. "மகன் வந்தாத்தான் தெரியும் பிள்ளை" எண்டார் முதலாளி. வளையலைத் திருப்பி வச்சிட்டு வந்தன். 2022 தட்டுப்பாட்டில பெற்றோலுக்குக் கியூஆர் காட்டிப் பழகின ஊர் இது, ஏலாதெண்டு சொல்லாதேங்கோ.

கச்சான்காத்து தம்பி, கேளுங்கோ. மேப்பில சொந்தக்காரர் இது என்ர எண்டு உரிமை கோராத கடையை ஆரும் மூடியாச்சு எண்டு திருத்தம் போடலாம். ஐயான்ர பேரில ஒரு கூகுள் கணக்குத் திறந்து உரிமை கோருங்கோ. உங்கட கணக்கில வேண்டாம், நீங்கள் வெளிநாடு போனா ஆர் பாக்கிறது? கடை உண்மைதானோ எண்டு பாக்கக் கூகுள் வீடியோ கேக்கும்: தெரு, பெயர்ப்பலகை, பூட்டைத் திறக்கிறது, உள்பக்கம் எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டமா எடுங்கோ. சிங்களத்திலயும் ஆங்கிலத்திலயும் தேடுறவை இருக்கினம், விபரத்தை மூண்டு மொழியிலயும் போடுங்கோ. "கயிறு, தூண்டில், தார்ப்பாய்" எண்டு ஒவ்வொண்டா எழுதுங்கோ. மத்தியானம் சாப்பிடப் பூட்டுற நேரத்தையும் போடுங்கோ, வெயிலுக்க வந்து ஏமாறின ஆள் திரும்ப வராது.

கச்சான்காத்து:
நன்றி அக்கா. வீடியோ எடுத்தம். ஐயா வேட்டி மாத்தி, பலகையைத் துடைச்சுப்போட்டு வந்தார். கை நடுங்கித் திறப்பு விழுந்திட்டுது, மூண்டாந்தரம்தான் சரிவந்தது. நேற்று இரவு பாத்தன், சிவப்பு எழுத்து போயிட்டுது. அவரிட்ட இருக்கிறது பட்டன் போன். பின்னேரம் கடைக்குப் போய்க் காட்டோணும்.