அமெரிக்காவின் கென்டக்கி ஏரியில் கிராப்பி மீன் நிற்கும் தண்ணீருக்கடிப் புதர்கள்: உங்கள் அனுபவம்?

ஓடைவளைவு:
ஜூலை மாசம், 18 அடித் தண்ணி, ஓடைப் பள்ளம் மேட்டை உரசித் திரும்புற இடம். சைடு ஸ்கேன்ல (படகோட ரெண்டு பக்கமும் ஒலி அனுப்பித் தரையைப் படமாக் காட்டுற சோனார்) புதர் பளிச்சுன்னு வெள்ளையா விழுந்தது, பின்னாடியே கறுப்பு நிழல். ஜிபிஎஸ்ல புள்ளி குறிச்சு, திரும்பி வந்து ஜிக் (ஈயத் தலை வெச்ச தூண்டில் முள்) இறக்கினா மொட்டைத் தரை. நாலு தடவை! திரையில 30 அடி தள்ளித் தெரிஞ்சது சாய்வுத் தூரம், அதாவது சோனார்ல இருந்து புதருக்குச் சாய்வா நேர்க்கோட்டுல. 18 அடி ஆழத்துல தரைவாக்கில் அது 24 அடிதான். ஜிபிஎஸ் முன்பக்கம், சோனார் பின்பக்கம்னா படகு நீளமும் தப்புல சேரும். அதே புதரைக் குறுக்கு வாக்கில் இன்னொரு ஓட்டம் ஓட்டிக் குறிச்சாத்தான் இடம் நிக்கும்.

தக்கைமுள்:
அண்ணே, இடம் மட்டும் போதாது. அந்த நிழலை அளந்தீங்களா? நிழல் நீளத்தை ஆழத்தால் பெருக்கி, படகுல இருந்து நிழல் முடியுற தூரத்தால் வகுக்கணும். உங்க புதருக்கு நிழல் 15 அடி, முடிவு 45 அடின்னா உயரம் 6 அடி. உச்சி 12 அடி ஆழத்துல இருக்கு, ஜிக் 11-ல நிக்கணும். கிராப்பி மேல பார்த்து இரை எடுக்கிற மீன். ஜிக் 14 அடிக்குப் போனப்ப திரையில மீன் புள்ளி ஒண்ணுகூட அசையல. 11-க்குச் சுத்தி ஏத்தினதும் ஒரே ஒரு புள்ளி கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு மெதுவா மேல வந்தது. தூண்டில் நரம்பு இழுபடல, தொய்ஞ்சது. கிராப்பி கடி பாதி நேரம் அப்படித்தான்.

கரைமேடு:
ரெண்டு பேரும் கருவியிலேயே நிக்கிறீங்க. இந்த ஏரியோட கோடை நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல 359 அடி, குளிர்கால மட்டம் 354. அந்த 5 அடி இறங்கினதும் மேடெல்லாம் வெளிய வரும். அடிமரம், யாரோ நட்ட ஓக் குச்சிக் கூட்டம், சின்ன ஓடைத் தடம் எல்லாத்தையும் நடந்தே குறிச்சுக்கலாம், ஒரு பைசா செலவில்லை. வசந்தத்துல தண்ணி 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினதும் கிராப்பி முட்டையிட அங்கேதான் ஏறும். புதுசாப் புதர் போடுறவங்க முதல்ல அனுமதி கேளுங்க. சிடார் மரத்தோட பொடிக்கிளை சீக்கிரம் உதிர்ந்துடும், ஓக் நிக்கும். அடியில சிமெண்ட் கல் கட்டி நிமிர்ந்து நிக்கிற மாதிரி இறக்கணும். படுத்துட்டா சேறு மூடிடும். கிளை ரொம்ப நெருக்கமா இருந்தா குஞ்சு மீன்தான் அடையும், ஜிக்கும் திரும்பாது. ஒண்ணுவிட்டு ஒண்ணு கழிச்சுடுங்க. முள் மெல்லிய கம்பியா இருக்கட்டும்; சிக்கினா நேரா இழுங்க, வளைஞ்சு வந்துடும், விரலால மடிச்சுத் திரும்பப் போடலாம்.

ஓடைவளைவு:
அந்த மேடு வசந்தத்துக்கு. நான் கேட்டது ஜூலைப் புதர். நிழல் கணக்கு சரியா வருது, தக்கைமுள். இன்னொண்ணு: அடையாள மிதவையைப் புதர் மேலேயே போடாதீங்க. கயிறு சுத்திக்கும், எடுக்கிறப்ப மொத்தக் கூட்டமும் கலைஞ்சுடும். 10 அடி தள்ளிப் போட்டுட்டு, காத்துக்கு எதிர்முகமா வந்து நில்லுங்க.