அடர்நீலக் காரில் சிலந்திவலைக் கீறல்: பாலிஷ் வாங்குவதா, வாக்ஸ் வாங்குவதா?

கேள்வி

வணக்கம். நான் தூத்துக்குடியில் வசிக்கிறேன். 2017இல் வாங்கிய அடர்நீல மெட்டாலிக் நிறக் கார் எங்களுடையது. வீட்டில் கார் நிறுத்த இடம் இல்லாததால், ஆண்டு முழுவதும் தெருவில் ஒரு வேப்பமரத்தின் அரைநிழலில்தான் நிற்கிறது. உப்புக் காற்றும், துறைமுகச் சாலையில் போகும் லாரிகளிலிருந்து பறக்கும் நிலக்கரித் தூளும் படிந்து, காலையில் பார்த்தால் பானெட்டின் மேல் விரலால் பெயர் எழுதலாம் என்ற அளவுக்குத் தூசி இருக்கும். அப்பா தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பழைய துண்டால் அதைத் துடைத்துவிடுவார். வாரம் ஒரு முறை போர்த் தண்ணீரில் கழுவுகிறோம்.

இப்போது மூன்று குறைகள் தெரிகின்றன. காலை வெயிலில் பானெட்டைச் சாய்வாகப் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல நுண்கீறல்கள் இருக்கின்றன. கதவுகளிலும் பின்கண்ணாடிக்குக் கீழேயும் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் வட்டங்கள் நிற்கின்றன. கூரை மங்கிவிட்டது.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு கடையில் 1,800 ரூபாய் கொடுத்து ‘ரப்பிங் பாலிஷ்’ செய்தோம். இரண்டு வாரம் கண்ணாடிபோல மின்னியது, மூன்றாவது முறை கழுவியதும் எல்லாக் கீறல்களும் திரும்பி வந்துவிட்டன. இன்னொரு கடையில், பெயிண்டின் மேல் பூசும் கடினமான பாதுகாப்புப் படலமான செராமிக் கோட்டிங் மட்டுமே வழி என்று 18,000 ரூபாய் கேட்கிறார்கள். நானே செய்து பார்க்கலாம் என்று உதிரிபாகக் கடைக்குப் போனால், அலமாரியில் பாலிஷ், வாக்ஸ், பாலிஷ் வாக்ஸ், காம்பவுண்டு என நான்கு விதமாக அடுக்கியிருக்கிறார்கள். என் கையிருப்பு 2,500 ரூபாய், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்க முடியும். எதை வாங்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம் நண்பரே. பாலிஷும் வாக்ஸும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொருள்கள் என்று நினைத்தால் தவறான டப்பாவைத்தான் வாங்குவீர்கள். தச்சர் கதவு செய்யும்போது முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்பின் வார்னிஷ் பூசுகிறார் அல்லவா? பாலிஷ் அந்த உப்புத்தாளின் இனம், வாக்ஸ் அந்த வார்னிஷின் இனம். பாலிஷில் மிக நுண்ணிய அரைப்புத் துகள்கள் இருக்கின்றன. அவை காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டின் மேற்பரப்பைச் சிறிதளவு சீவி, கீறலின் கூர்மையான ஓரங்களைச் சமன்படுத்துகின்றன. காம்பவுண்டு என்பதும் அதே வகைதான், ஆனால் துகள் முரடு. வாக்ஸ் எதையும் சீவுவதில்லை. கீறலைப் போக்கும் சக்தியும் அதற்கு இல்லை. தண்ணீர், உப்பு, பறவை எச்சம் ஆகியவை பெயிண்டை நேரடியாகத் தொடாதபடி மேலே ஒரு மெல்லிய படலமாக நிற்பது மட்டுமே அதன் வேலை. பாலிஷ் வாக்ஸ் என்று விற்கப்படுவது இரண்டும் கலந்த பொருள். அதிகம் கெடாத வண்டிக்கு நேரம் மிச்சமாகும் என்பதைத் தவிர, இரண்டு வேலையையும் அது அரைகுறையாகவே செய்யும்.

உங்களுக்கு இரண்டு வாரம் கிடைத்த பளபளப்புக்குக் காரணம், பெரும்பாலும், பாலிஷில் இருந்த எண்ணெயும் நிரப்பியும் கீறல்களின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டதுதான். ஷாம்பு போட்டுக் கழுவக் கழுவ அவை கரைந்து போயிருக்கும். கீறல் போகவில்லை, மறைந்திருந்தது, அவ்வளவே.

எதையும் வாங்கும் முன் வண்டியைச் சோதித்துப் பாருங்கள். நன்றாகக் கழுவித் துடைத்தபின், மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டு, விரல் நுனியால் பானெட்டை மெதுவாகத் தடவுங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பும் பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரிந்துவிடும். அடுத்து, பெரிய கீறல்களின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் கீறல் ஆழமானது, பாலிஷ் அதைப் போக்காது. நகம் வழுக்கிக்கொண்டு போனால் நம்பிக்கை உண்டு. கூரையின் மங்கல் எப்படி இருக்கிறது என்பதையும் விரிவாக எழுதுங்கள், அதை வைத்துத்தான் மேலே சொல்ல முடியும்.

பதில் 2

தம்பி, நான் மதுரையில் 30 ஆண்டுக்கும் மேலாக வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையில் இருக்கிறேன். மேலே எழுதியவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆயினும், காம்பவுண்டை நீங்கள் தொடவே வேண்டாம் என்று தனியாக ஒரு முறை சொல்ல விரும்புகிறேன்.

தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் தடிமனே 70 மைக்ரான் அளவுக்கு வரும் என்றால், உங்கள் கையில் இருக்கும் முதலீடு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் இந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை காம்பவுண்டு போட்டுத் தேய்க்கும் வண்டிகளில் முதலில் பானெட்டின் விளிம்பிலும் கதவின் மடிப்புக் கோட்டிலும் நிறம் வெளுத்துத் தெரியும். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியதாகவே படிகிறது என்பதால் அங்கேதான் முதலில் அறுபடும்.

உங்கள் சிலந்தி வலைக்குக் காரணம் அப்பாவின் காலை ஆறு மணித் துண்டுதான். அவர் அக்கறையோடுதான் செய்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் உப்பும் கரித்தூளும் படிந்த பரப்பில் உலர்ந்த துணியை ஓட்டுவது உப்புத்தாள் ஓட்டுவதற்குச் சமம். அந்தப் பழக்கம் நிற்காமல் எந்த வாக்ஸ் போட்டாலும் மூன்று மாதத்தில் வலை மீண்டும் பின்னிவிடும். இன்னொரு கேள்வி: வண்டியின் ஏதாவது பாகத்துக்கு மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறீர்களா?

பதில் 3

நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். எங்கள் ஸ்டாண்டில் பலரும் தண்ணீரில் கொஞ்சம் டீசல் கலந்து துடைப்பார்கள், கறுப்பு வண்டி நன்றாகவே மின்னும். செலவில்லாத இந்த வழியை ஏன் யாரும் சொல்லவில்லை என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 2 எழுதியவர்

அண்ணாச்சி, அந்த மினுமினுப்பு எண்ணெய்ப் பசையால் வருவது. அது காயாமல் நிற்பதால் அடுத்த ஒரு மணி நேரத்தில் தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும், மறுநாள் துடைக்கும்போது கீறல் இரட்டிப்பாகும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கும் டீசல் பட்டால் நாளடைவில் உப்பி இளகிவிடும். தொழில் வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று சொன்னபடி சோதித்தேன். பாலித்தீன் பைக்குள் விரலை விட்டுத் தடவியபோது பானெட் முழுவதும் ரவை தூவியதுபோல இருந்தது, எனக்கே அதிர்ச்சி. கதவுகளில் அவ்வளவு இல்லை. கீறல்களில் நகம் தடுக்கவில்லை. இடது பின்கதவில் சைக்கிள் பெடல் உரசிய ஒரே ஒரு கோட்டில் மட்டும் தடுக்கிறது. கூரையின் முன்பாதி மங்கலாக இருக்கிறது, ஈரத் துணியால் துடைத்தால் சிறிது நேரம் நிறம் திரும்புகிறது. பின்விளிம்பில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது, அதன் ஓரம் வெயிலில் உரிந்த தோல்போல எழும்பி நிற்கிறது. ஐயா கேட்டதற்குப் பதில்: 2021இல் ஒரு சிறு மோதலுக்குப்பின் முன்பம்பருக்கு மறுபடி பெயிண்ட் அடித்தோம். தண்ணீர் வட்டங்களுக்கு வினிகர் போடலாம் என்று கேள்விப்பட்டேன், அது சரியா? வாக்ஸில் கார்னூபா நல்லதா, செயற்கை வகை நல்லதா என்பதும் தெரிய வேண்டும்.

பதில் 1 எழுதியவர்

மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். கூரையின் பின்விளிம்பில் கிளியர் கோட்டே உரிந்துவிட்டது. அந்த உள்ளங்கை அளவு இடத்துக்கு எந்தப் பாலிஷும் எந்த வாக்ஸும் உதவாது, அங்கே தேய்த்தால் உரிதல் பரவும். அந்த இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி விட்டுவிடுங்கள். ஈரம் பட்டால் நிறம் திரும்பும் முன்பாதியைப் பாலிஷ் மீட்டுவிடும்.

வினிகரைப் பயன்படுத்தலாம். தண்ணீர் வட்டம் என்பது போர்த் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள் காய்ந்து படிந்தது, அமிலத்தில் கரையும். வெள்ளை வினிகரில் சம அளவு குடிநீர் சேர்த்து, நிழலில், கைவைத்தால் குளிர்ந்திருக்கும் தகட்டில் மட்டும் துணியை நனைத்து ஒற்றி, ஒரு நிமிடத்துக்குள் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். அதற்கும் போகாத வட்டங்கள் பெயிண்டை அரித்துப் பள்ளமாக்கியவை, அவற்றைப் பாலிஷிடம் விடுங்கள். இனிக் கழுவியதும் தண்ணீரைத் தானாக உலர விடாமல் உடனே ஒற்றி எடுத்துவிட்டால் புதிய வட்டங்கள் வராது.

பானெட்டின் ரவைக்குக் கிளே பார் எனப்படும் களிமண் கட்டி வேண்டும். ஷாம்புத் தண்ணீரை நிறையத் தெளித்து, வழுக்கும் நிலையிலேயே, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். சொரசொரப்பு அடங்கும்போது ஓசையே மாறும். முதலில் கரகரவென்று கேட்பது மெல்ல மெல்ல நின்றுவிடும். கட்டி தரையில் விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு மீண்டும் எடுக்காதீர்கள், வெட்டி எறிந்துவிடுங்கள். அதன்பின் நுண்பாலிஷ்: ஓரடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு, பட்டாணி அளவு இரண்டு மூன்று சொட்டு ஸ்பாஞ்சில் எடுத்து வேலை செய்யுங்கள். கையால் செய்வதால் வலை முழுவதும் மறையாது, ஆனால் பார்த்ததும் உறுத்தாத நிலைக்கு வந்துவிடும். அதற்குமேல் ஆசைப்பட்டுத் தேய்க்காதீர்கள்.

கடைசியில் வாக்ஸ். கார்னூபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. இயற்கை மெழுகுகளிலேயே மிகக் கடினமானது, 82 முதல் 86 டிகிரி செல்சியசில்தான் உருகும். அடர்நிறத்துக்கு அது தரும் ஆழமான, ஈரம் பட்டதுபோன்ற மினுமினுப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் மே மாத வெயிலில் அடர்நீலத் தகடு 70 டிகிரியைத் தாண்டிவிடும், கடையில் கிடைக்கும் டப்பாக்களில் கார்னூபாவுடன் இளகிய மெழுகும் கரைப்பானும் கலந்திருக்கும், உங்கள் கார் நிற்பதோ தெருவில். அப்படி நிற்கும் காரில் அது ஒன்றிரண்டு மாதம் நின்றால் அதிகம். நீங்கள் கேட்ட செயற்கை வகையான பாலிமர் சீலன்ட் நான்கைந்து மாதம் தாங்கும், உப்புக் காற்றையும் ஷாம்புவையும் கார்னூபாவைவிட நன்றாக எதிர்க்கும். எனவே உங்களுக்கு என் பரிந்துரை சீலன்ட்தான். கிளே, நுண்பாலிஷ், சீலன்ட், நான்கு மைக்ரோஃபைபர் துணி ஆகிய எல்லாம் உங்கள் 2,500 ரூபாய்க்குள் சிறிய அளவு டப்பாக்களாக அடங்கிவிடும். சீலன்டை மிக மெல்லியதாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் காயாது, துடைக்கவும் வராது. கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும், ஆகையால் அவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள்.

செராமிக் கோட்டிங் கெட்ட பொருள் அல்ல. ஆனால் கீறலைச் சரிசெய்யாமல் அதைப் பூசினால், கீறலை அடியில் வைத்துப் பூட்டியதாகிவிடும். போர்த் தண்ணீரின் வட்டங்கள் அதன்மேலும் விழும். கூரை உரிந்துகொண்டிருக்கும் காருக்கு 18,000 ரூபாய் இப்போது வேண்டாம்.

கேட்டவர்

இரண்டு ஞாயிறும் முடிந்தன. முதலில் இடது முன்கதவின் நடுவில் டேப் ஒட்டி, ஒரு பாதியில் மட்டும் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். டேப்பை எடுத்தபோது ஒரு பாதியில் எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகளை எண்ண முடிந்தது, மறுபாதியில் ஜன்னல் இருப்பது மட்டுமே தெரிந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுத் துண்டைத் தானே வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். இப்போது காலையில் ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, அதன்பிறகே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கிறார். பானெட்டில் சில கீறல்கள் இன்னும் இருக்கின்றன, சொன்னபடி விட்டுவிட்டேன். கூரைக்கு அடுத்த மாதம் பெயிண்ட் அடிக்க முடிவு செய்திருக்கிறோம். அடித்தபின் உடனே சீலன்ட் போட்டுவிடலாமா, ஐயா?

பதில் 2 எழுதியவர்

வேண்டாம் தம்பி. பட்டறையில் அடிக்கும் பெயிண்டிலிருந்து கரைப்பான் ஆவி முழுவதும் வெளியேறச் சில வாரங்கள் ஆகும். பெயிண்ட் நிறுவனங்கள் 30 முதல் 90 நாள்வரை காத்திருக்கச் சொல்வதுண்டு. நம் ஊரில் 60 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வெறும் தண்ணீர் அல்லது மென்மையான ஷாம்பு மட்டும் போதும், பறவை எச்சம் விழுந்தால் அன்றே நனைத்து எடுத்துவிடுங்கள். பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும்போது வண்டியில் சீலன்ட் போட்டிருக்கிறது என்பதைப் பட்டறையில் சொல்ல மறக்காதீர்கள். அதில் சிலிக்கான் இருந்து, கூரையைச் சரியாகத் துடைக்காமல் அடித்தால், பெயிண்ட் ஒட்டாமல் மீன்கண்போலச் சிறுசிறு குழியாக விலகி நிற்கும்.