பெரணி இலையில் இருப்பது பூச்சியா, வித்தா? வீட்டுக்குள் வளர்ப்போரின் அனுபவப் பகிர்வு

இலையடியில் பழுப்புப் புள்ளி தெரிந்ததும் மருந்துக் குப்பியை எடுத்துவிட வேண்டாம். பெரணி பூக்காது, காய்க்காது. அதன் வித்துக்கூடுகள் இலையடியில்தான் உட்கார்ந்திருக்கும். பாஸ்டன் பெரணியில் ஒவ்வொரு சிற்றிலையிலும் நடுநரம்புக்கு இருபுறமும், ஓரத்தை ஒட்டி, தையல் போட்டதுபோல் ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கும். பறவைக்கூட்டுப் பெரணியில் நடுநரம்பிலிருந்து சாய்ந்து ஓடும் பழுப்புக் கோடுகள். அடியாண்டம் என்ற பெரணியில் இலையோரம் உள்பக்கமாக மடிந்து, அந்த மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். மான்கொம்புப் பெரணியிலோ கொம்பு நுனியில் வெல்வெட் துணி ஒட்டியதுபோல் ஒரு திட்டு.

பூச்சிக்கு இந்த ஒழுங்கு கிடையாது. இலையின் மேலும் இருக்கும், கீழும் இருக்கும், காம்பிலும் ஏறும், நடுநரம்பை ஒட்டிக் கும்பலாக அப்பிக்கொள்ளும். சந்தேகம் தீரவில்லையென்றால் நகத்தால் நெம்பிப் பாருங்கள். செதில்பூச்சி முழு ஓடாகப் பெயர்ந்து வரும், வித்துக்கூடு தூளாக உதிரும். ஒரு சிற்றிலையைக் கிள்ளி வெள்ளைத் தாளில் அடிப்பக்கம் கீழாக வைத்து, ஒரு இரவு விட்டும் பார்க்கலாம். வித்து முற்றியிருந்தால் காலையில் தாளில் பழுப்புப் பொடி படிந்திருக்கும்.

* * *

மேலே உள்ளதோடு இன்னும் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றைப் பூச்சி என்று நினைத்துச் செடியைப் பாழாக்குகிறவர்கள் அதிகம்.

ஒன்று, பாஸ்டன் வகைகளில் இலையின் மேற்பக்கம் ஓரமாகத் தெரியும் நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள். நரம்பு முனையில் கசியும் நீர் காய்ந்து விட்டுப்போன சுண்ணாம்பு அது. இரண்டு, மான்கொம்புப் பெரணியின் மேல் இருக்கும் சாம்பல் நிறப் பொடி. அது மாவுப்பூச்சி இல்லை, செடி நீரை இழக்காமல் காக்கும் மயிர். துணியால் துடைத்தால் திரும்ப வராது. மூன்று, பாஸ்டனின் உறவுப் பெரணியான நெப்ரோலெப்பிஸ் கார்டிஃபோலியாவைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது வேரில் கோலிக்குண்டு போலத் தொங்கும் கிழங்குகள். அவை நீர் சேமிப்பு, முட்டையல்ல. தயவுசெய்து கிள்ளாதீர்கள்!

* * *

வீட்டுப் பெரணியில் நிஜமான எதிரி செதில்பூச்சிதான். இரண்டு வகை முக்கியம். வைத்தியம் வேறு என்பதால் பிரித்து அறிய வேண்டும்.

முதல் வகை பெரணிச் செதில். ஆண்கள் ஏறத்தாழ 1 மி.மீ. நீளத்தில், வெள்ளையாக, தேங்காய்த் துருவலைத் தூவியதுபோல் இருக்கும். பெண்கள் பழுப்பு, சிப்பி வடிவம், 2 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. ஓடு உடம்போடு ஒட்டாமல் தனியாக இருக்கும். பிசுபிசுப்பே இராது, அதனால் எறும்பும் வராது. இலையின் மேல்பக்கம் மஞ்சள் திட்டுகள் விழுந்த பிறகுதான் கண்ணில் படும்.

இரண்டாவது மென்செதில். அதில் அரைக்கோள வடிவச் செதில் சாதாரணம். 3–4 மி.மீ., பளபளப்பான பழுப்பு, கவிழ்த்த தலைக்கவசம் மாதிரி. இது தேன் போன்ற கழிவைச் சொரியும். தரையோ மேசையோ ஒட்டும், கரும்பூஞ்சை படியும், தொங்குதொட்டிச் சங்கிலியில் எறும்பு வரிசை ஏறும். சங்கிலியில் எறும்பைக் கண்டால் முதலில் காம்புகளைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பெண் ஓட்டுக்குக் கீழ் முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆண் தேவையில்லாமலே பெருகும். ஒன்று தப்பினாலும் போதும்.

செய்ய வேண்டியது: முதலில் கத்தரி. பாதிக்கு மேல் செதில் அப்பிய கீற்றை அடியோடு வெட்டி, பையில் கட்டி வெளியே போடுங்கள். மிச்சமுள்ளதில் பஞ்சுக் குச்சியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பிழிந்துவிட்டு, பூச்சிமேல் மட்டும் தொட்டு உருட்டி எடுக்கவும். சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் இலைமேல் பிசுக்காக நிற்கும். பறவைக்கூட்டுப் பெரணியின் தடித்த இலை ஆல்கஹாலைத் தாங்கும், அடியாண்டம் தாங்காது, கருகிப்போகும்.

ஓட்டுக்குள் இருக்கும் முட்டையை எந்தத் தெளிப்பும் தொடாது. பொரித்து வெளியே வரும் ஊர்குஞ்சுதான் சாகும். அதனால்தான் ஒருமுறை அடித்துவிட்டு ஓய்ந்தால் மூன்றாம் வாரம் பழைய கதை. 7–10 நாளுக்கு ஒருமுறை என்று குறைந்தது நான்கு தடவை. செத்த ஓடுகள் தாமாக விழாது என்பதால் பலனை எண்ணிக்கையில் பார்க்காதீர்கள். நகத்தால் நசுக்குங்கள். ஈரம் வந்தால் உயிரோடு இருக்கிறது, உமிபோல் உடைந்தால் முடிந்தது.

* * *

தெளிப்பு பற்றி. பெரணியில் பூச்சியைவிட மருந்தால் போகும் செடிகளே அதிகம் என்பது என் கணிப்பு. இலை மெலிசு, மேல்பூச்சும் மெலிசு.

பொட்டாஷ் சோப்புக் கரைசல்: லிட்டருக்கு 10 மி.லி. போதும். பாத்திரம் கழுவும் திரவம் இதற்கு மாற்று இல்லை, அதன் டிடர்ஜென்ட் இலை மெழுகைக் கரைத்துவிடும். போர்வெல் தண்ணீரில் கலந்தால் உப்பு சோப்பைத் திரித்துவிடும். குப்பியில் குலுக்கிப் பாருங்கள், வெள்ளைத் திரி மிதந்தால் அந்தக் கரைசலைக் கொட்டிவிடலாம். மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீர் எடுங்கள். ஆர்.ஓ. கழிவு நீர் கூடவே கூடாது, அதிலுள்ள உப்பு இலைநுனியைக் கருக்கும். சோப்பு ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். ஆகவே மாலையில் அடித்து 20 நிமிடம் கழித்துச் சுத்தமான நீரால் கழுவிவிடுங்கள், பலன் குறையாது, செடி தப்பும்.

வேப்பெண்ணெய்: மற்ற செடிகளுக்கு லிட்டருக்கு 5 மி.லி. என்றால் பெரணிக்கு 2.5. வெதுவெதுப்பான நீரில் முதலில் 2 மி.லி. சோப்பு, பிறகு எண்ணெய். பால்போல் வெளுக்க வேண்டும். மேலே எண்ணெய் வளையம் மிதந்தால் அந்த வளையம் விழும் இடமெல்லாம் கருகும். கலந்ததை அன்றே தீர்த்துவிடவும். எதுவானாலும் முதலில் ஒரே ஒரு கீற்றில் அடித்து 48 மணி நேரம் பொறுங்கள். சுருண்டிருக்கும் குருத்து மேல் படாமல் கையால் மறைத்துக்கொள்ளவும். அடியாண்டத்துக்கு இரண்டுமே வேண்டாம்: வெட்டு, கழுவு, அவ்வளவே.

கடைக்காரர் மாலத்தியான் எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். பாஸ்டன், அடியாண்டம், டெரிஸ் ஆகிய மூன்று பெரணிகளையும் அது பாதிக்கும். செடியின் சாற்றில் பரவும் மருந்தான இமிடாகுளோப்ரிட்டை வேரில் ஊற்றினால் மாவுப்பூச்சியும் மென்செதிலும் அடங்கும். பெரணிச் செதில் அடங்காது. சாறு ஓடும் குழாயில் ஊசி போடாமல் திசு அறைகளைக் குத்தி உறிஞ்சுவதால் மருந்து அதன் வாய்க்குப் போவதே இல்லை. சிலந்திப்பேனோ பூச்சி இனமே அல்ல, எட்டுக் கால், அதற்கும் இது ஒன்றும் செய்யாது.

* * *

அந்தச் சிலந்திப்பேன் ஏ.சி. அறைக்காரர்களின் பிரச்சினை. இலை வெளிறி, ஊசியால் குத்தியதுபோல் ஆகும். வெள்ளைத் தாளைப் பிடித்துக் கீற்றைத் தட்டுங்கள். விழும் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். நசுக்கினால் கோடு இழுக்கும். 30 டிகிரி வாக்கில் முட்டையிலிருந்து ஒரு வாரத்தில் முழு வளர்ச்சி, ஆகவே வாரம் ஒருமுறை கழுவுவது போதாது. குளியலறையில் தொட்டியைச் சாய்த்து, மண்ணைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஷவரால் இலையடியைக் கழுவுங்கள், 3 நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். தண்ணீர்ப் புகை அடிப்பது சில நிமிட ஈரம்தான், ஏ.சி. காற்று நேராகப் படாத இடத்துக்கு மாற்றுவது அதைவிடப் பயன்.

* * *

மண்ணிலிருந்து கறுப்பாகப் பறக்கும் குட்டி ஈ பற்றி யாரும் சொல்லவில்லையே. கோகோபீட் ஊறிக்கிடந்தால் வரும். உருளைக்கிழங்கு வில்லையை மண்மேல் அழுத்தி வைத்து 2–3 நாள் கழித்துத் தூக்கினால் கருந்தலைப் புழுக்கள் தெரியும். 'மேல்மண்ணைக் காயவிடு' என்ற வழக்கமான யோசனை பாஸ்டனுக்குப் பொருந்தும், அடியாண்டத்தை ஒரே நாளில் சருகாக்கும். அதற்கு அடித்தட்டில் நீர் விட்டு, மேலே 1 செ.மீ. ஆற்று மணல் பரப்புங்கள். மஞ்சள் ஒட்டட்டை பறக்கும் ஈயைத்தான் பிடிக்கும். புழுவுக்குக் கொசுப் புழுவுக்கான பி.டி.ஐ. என்ற பாக்டீரியாக் கரைசலை வாரம் ஒன்றாக மூன்று முறை ஊற்றலாம்.

வேரில் மாவுப்பூச்சி இருந்தால் தொட்டியின் உள்சுவரில் வெள்ளைப் பஞ்சுத் திட்டு தெரியும். தொட்டிக் கலவையில் இருக்கும் வெள்ளைத் துகளான பெர்லைட்டை நசுக்கினால் நொறுங்கும், இது பசையாக அப்பும். மண் முழுவதையும் உதறி, வேரைக் கழுவி, தொட்டியை வெந்நீரில் அலசிப் புதுக் கலவையில் வையுங்கள்.

* * *

ஒரு திருத்தம். 'அடியோடு வெட்டு' என்றதை எல்லாப் பெரணிக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாஸ்டனை மண்ணுக்கு மேல் 5 செ.மீ. விட்டு மொட்டையடித்தாலும் துளிர்க்கும், அப்போது தொட்டி விளிம்பையும் கொக்கியையும் சோப்பு நீரால் துடையுங்கள், ஊர்குஞ்சு அங்கேதான் பதுங்கும். பறவைக்கூட்டுப் பெரணிக்கு ஒரே குருத்து. வெளிவட்ட இலைகளை மட்டும் எடுங்கள், நடுக்கிண்ணத்தில் கரைசல் தேங்கினால் சாய்த்து வடித்துவிடுங்கள், இல்லையென்றால் அழுகும்.