சென்ட்ரிங் ஆளுக்குக் கொடுக்கும் பணத்தில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்தே ஆகணுமா?

கொழிஞ்சாம்பாறை பில்டர்:
கேரளாவில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிறேன். முந்தின வருஷமே டர்ன்ஓவர் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து வரும் சென்ட்ரிங் (கான்கிரீட் போடப் பலகை, முட்டு கட்டும்) அண்ணன் ஒருவருக்குச் சனிக்கிழமைதோறும் 26,000 ரூபாய் கொடுக்கிறேன். அவர் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். 2024-25 கணக்கைப் பார்த்த ஆடிட்டர், டிடிஎஸ் பிடிக்காதது தப்பு என்கிறார். ஒரு தடவைக்கு 30,000-க்குக் கீழேதானே கொடுத்தேன்? அதுவும் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டி வேறு மாநிலத்திலிருந்து வருகிற ஆள். வெயிலில் நின்று உழைத்தவர் கூலியில் கைவைக்க மனசு வரவில்லை.

வேலந்தாவளம் கணக்கர்:
ஆடிட்டர் சொன்னது சரி. 30,000 என்பது ஒரு தடவைக்கான வரம்பு. வருஷ மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலும், 2024-25 கணக்குக்குப் பொருந்தும் 1961-ம் வருஷ வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவு (காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும் பணத்தில் டிடிஎஸ் பிடிக்கச் சொல்வது) வந்துவிடும். உங்கள் கணக்கில் நாலாவது சனிக்கிழமையே 1,04,000. அன்றைக்கே மொத்தத்துக்கும் ஒரு சதவீதம், 1,040 ரூபாய் பிடித்திருக்கணும். எந்த மாநிலத்து ஆள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வருமான வரி மத்திய அரசுடையது.

பிடித்ததை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 26கியூ என்ற டிடிஎஸ் கணக்குப் படிவம் தாக்கல் செய்யணும். பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை உங்கள் லாபத்தோடு சேர்த்துவிடுவார்கள். அந்த அண்ணன் இந்த வரவைக் காட்டி ரிட்டர்ன் போட்டு, வரி இருந்தால் அதையும் கட்டியிருந்தால் தப்பிக்க வழி உண்டு. முதலில் அதை விசாரியுங்கள்.

பொள்ளாச்சி சென்ட்ரிங்:
அந்த அண்ணன் செய்கிற வேலைதான் எனக்கும். ஆள் கூலி, பலகை, முட்டு, வண்டி டீசல் போக எனக்கு நிற்பது கிட்டத்தட்ட ஒரு ஆள் சம்பளம். வரியே வராதவனிடம் எதற்கு முதலில் பிடித்து, அப்புறம் திருப்பித் தருவது?

பாலக்காட்டில் ஒரு பில்டர் வருஷம் முழுக்க என் பணத்தில் பிடித்தார். 26ஏஎஸ் (என் பேரில் கட்டிய வரியைக் காட்டும் பட்டியல்) எடுத்துப் பார்த்தால் ஒரு ரூபாய்கூட இல்லை. என் பான் எண்ணில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதைத் திருத்த வைக்க ஆறு நடை நடந்தேன். ஆறு நாள் வேலை போச்சு.

வேலந்தாவளம் கணக்கர்:
அது அநியாயம்தான் அண்ணா. பிடித்துவிட்ட வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 205-ம் பிரிவே சொல்கிறது. அதற்காகப் பிடிக்காமலே விட்டால் நஷ்டம் உங்களுக்கும்தான். வாரம் 26,000 வீதம் வருஷத்தில் 40 வாரம் வேலை என்றால் 10,40,000. எல்லாம் பேங்க் வழியாக வந்தால் 44ஏடி பிரிவில் (சிறு தொழிலுக்கு வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் முறை) குறைந்தது 6 சதவீதம் லாபம் காட்டணும், அதாவது 62,400. வேறு வருமானம் இல்லை என்றால் வரி பூஜ்யம், ரிட்டர்ன் போட்டால் பிடித்த 10,400 திரும்பி வரும். சொந்தமாக ஷீட், ஜாக்கி வாங்க லோன் கேட்டுப் போனால், பத்து லட்சத்துக்கு வேலை செய்தவர் என்று காட்ட அந்த 26ஏஎஸ், ரிட்டர்னைவிட என்ன காகிதம் இருக்கிறது உங்களிடம்?

கொழிஞ்சாம்பாறை பில்டர்:
அவர் காசாகத்தான் கேட்கிறார். கூலி என்று எழுதிவிட்டால்?

வேலந்தாவளம் கணக்கர்:
வேண்டாம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவையே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நிஜமாகவே கூலி என்றால் மஸ்டர் ரோல் (ஆள் வருகை, கூலிப் பதிவேடு) வைத்து, ஒவ்வொருவர் கையிலும் நீங்களே கொடுக்கணும். ரேட் பேசுவது, ஆள் கூட்டி வருவது, பலகை கொண்டு வருவது எல்லாம் அவர் என்றால் அவர் காண்ட்ராக்டர்தான். வேலைக்கு ஆள் அனுப்புவதையும் சேர்த்துத்தான் அந்த 194சி பிரிவு சொல்கிறது.

மீனாட்சிபுரம் கம்பி வேலை:
பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் மேஸ்திரிக்கு ஆதாரில் வெறும் இனிஷியல், பானில் அப்பா பெயர் முழுசாக. இணையவே இல்லை. செயலிழந்த பான் என்றால் 20 சதவீதம் பிடிக்கணுமாம். 26,000-க்கு 5,200. ஆட்களுக்குக் கொடுத்தது போக அந்தச் சனிக்கிழமை அவர் வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

பொள்ளாச்சி சென்ட்ரிங்:
இதைத்தான் சொல்கிறேன். உங்கள் ஆபீஸில் அது ஒரு எழுத்துப் பிழை, எங்களுக்கு ஒரு வாரச் சோறு. ஒரு சதவீதம் பிடியுங்கள், பேங்கிலேயே போடுங்கள், சரி. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டிடிஎஸ் பிடித்ததற்கான சான்றிதழ் (16ஏ) என் கைக்கு வரணும். வராத சைட்டில் அடுத்த தளத்துக்குப் பலகை ஏற்ற மாட்டேன்.