ஊர் விட்டுப் போனவருக்கு வலைப்பதிவு நட்பு உதவுமா?

பழைய துபாய்க்காரன்:
கல்யாணமாகி வெளிநாடு போய் ஆறு மாதமாகப் பேச்சுத்துணை இல்லை என்று ஒரு தங்கை நேற்று இங்கே எழுதியிருந்தார். உடனே நாலு பேர் "வலைப்பதிவு ஆரம்பிம்மா, கூட்டம் தானாகச் சேரும்" என்று கிளம்பிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 2007லிருந்து இரண்டு வருடம் நானும் எழுதியவன்தான். தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தில் இணைத்துவிட்டு, நம் இடுகை முகப்பில் மேலே வருகிறதா என்று ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். எண்ணிக்கை ஏறுவதற்காக நமக்கு நாமே மறுமொழி, அதாவது கமெண்ட், போட்டுக்கொள்வோம். அதற்குப் பின்னூட்டக் கயமை என்று பெயரே உண்டு. "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று முதல் மறுமொழி எழுதிவிட்டு ஓடுகிறவன் நண்பன் என்றால், எங்கள் தெருவில் பேப்பர் போடுகிற பையன் எனக்கு மாமன் மகன்.

தாமிரபரணி:
அண்ணா, அந்தத் தங்கைக்கு வலைப்பதிவு எழுதச் சொன்ன நாலு பேரில் நானும் ஒருத்தி. 2006இல், அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில் மினியாப்பொலிஸ் போனேன். அந்த விசாவில் அப்போது வேலைக்குப் போகக் கூடாது. 2015இல்தான் எங்களில் சிலருக்காவது அனுமதி கிடைத்தது. கார் ஓட்டவும் தெரியாது. நவம்பரிலேயே பனி கொட்ட ஆரம்பித்துவிடும். அவர் காலையில் போனால் ராத்திரிதான் வருவார். அம்மாவுக்குப் போன் போடலாம் என்றால், குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். எனக்கு மத்தியானம் என்றால் அங்கே எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை இறக்கித் தட்டித் தட்டி எழுதப் பழகினேன். ஒரு நாள் குக்கர் கேஸ்கட் கிழிந்துபோனதைப் பற்றிப் புலம்பி ஒரு பதிவு போட்டேன். ஊரிலிருந்து கொண்டுபோன குக்கர், அந்த அளவில் கேஸ்கட் அங்கே எந்தக் கடையிலும் இல்லை. நாலாம் நாள் ரோசெஸ்டரிலிருந்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே கேஸ்கட், கூடவே ஒரு பொட்டலம் வெங்காய வடகம். என் பதிவில் அதுவரை ஒரு மறுமொழிகூடப் போடாத அக்கா ஒருவர், முதல் நாளே மின்னஞ்சலில் முகவரி கேட்டு வாங்கி அனுப்பியிருந்தார். ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்திருக்கிறார்! என் பெரியவள் பிறந்தபோது அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பத்தியச் சாப்பாடு சமைத்துப் போட்டது அந்த அக்காதான்.

பழைய துபாய்க்காரன்:
சந்தோஷம் அம்மா. ஆனால் உங்களுக்கு உதவியது வலைப்பதிவா, ஒன்றரை மணி நேரத் தூரமா? அந்த அக்கா மதுரையில் இருந்திருந்தால் வடகம் வந்திருக்கலாம். பத்தியச் சாப்பாடு வந்திருக்குமா?

கந்தர்மடத்தான்:
அண்ணை, பக்கத்தில் இருந்தால் மட்டும் ஆச்சா? நான் இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். கோயில், நகைக்கடை, கொத்து ரொட்டி, எங்கே திரும்பினாலும் எங்கட சனம். ஆனால் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி "நீர் ஆற்றை (யாருடைய) பெடியன், ஊரில எந்தப் பக்கம்?" பதில் சொன்னதும் அவர் மனதில் என்னை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார். பிறகு என்னத்தைக் கதைக்கிறது? எழுதத் தொடங்கிய பிறகுதான் நான் வாசித்த புத்தகத்தைப் பற்றி ஒருத்தர் என்னிடம் கேட்டார்.

பழைய துபாய்க்காரன்:
வலையில் மட்டும் யாரும் கேட்கவில்லையாக்கும்! பெயர் சொல்லாமல் அனானியாக வந்து என் சாதியை விசாரித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அதற்குப் பயந்துதான், நான் பார்த்து அனுமதித்தால்தான் மறுமொழி வெளியே வரும் என்று மட்டுறுத்தலே போட்டேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். துபாயில், தேராவில் ஒரு அறையில் எட்டுப் பேர் இருந்தோம், அடுக்குக் கட்டில். 2009இல் வேலை போயிற்று. அதோடு எழுதுவதும் நின்றது. எழுபது பேர் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்த பதிவு. "ஏன்யா எழுதவில்லை?" என்று ஒரு ஆள் கேட்கவில்லை. மேல் கட்டிலில் படுத்திருந்த கண்ணூர்க்காரர், நான் எழுதுவதில் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாதவர், விமான டிக்கெட்டுக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார். இன்றைக்கும் ஓணத்துக்கு அவரிடமிருந்து போன் வரும். அதனால்தான் அந்தத் தங்கைக்குச் சொல்கிறேன்: பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு, அவர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி.

தாமிரபரணி:
கதவைத் தட்டத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் வேலை போனதை நீங்கள் பதிவில் எழுதினீர்களா?

பழைய துபாய்க்காரன்:
அதை எப்படியம்மா எழுதுவது? ஊரில் என் தம்பியும் அதைப் படித்துக்கொண்டிருந்தான்.

கும்மி ஓய்வுபெற்றவன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்த பதிவர் பட்டறைக்குப் போயிருந்தேன். அதுவரை எழுத்தில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததைப் பார்த்து ஏமாந்துபோனேன். சண்டை நடக்கும் என்று நம்பிப் போயிருந்தேன். விவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல்லத் தோன்றியது.

கந்தர்மடத்தான்:
துபாய் அண்ணை, ஒரு சந்தேகம். எட்டுப் பேர் அறை, தேரா, 2009. நீங்கள் மெஸ் கணக்கு நோட்டைப் பற்றித் தொடராக எழுதினவரோ? மாதக் கடைசியில் எண்ணெய்க் கறை படிந்த நோட்டை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி இருந்து கணக்குப் பார்க்கிறது?

பழைய துபாய்க்காரன்:
அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்!

கந்தர்மடத்தான்:
நான் வைத்திருக்கிறேன். நீங்கள் நிறுத்தின பிறகு மூன்று தரம் சுகம் கேட்டு மறுமொழி போட்டேன். ஒன்றும் வெளியில் வரவில்லை. மட்டுறுத்தல் என்று சொன்னீர்களே, அதற்குள் கிடந்திருக்கும். உங்களுக்கு மின்னஞ்சலில் தகவல் வந்திருக்க வேணுமே?

பழைய துபாய்க்காரன்:
கம்பெனி முகவரியில்தான் கணக்கு வைத்திருந்தேன். வேலையோடு அதுவும் போயிற்று. பிறகு உள்ளே போகவே முடியவில்லை.

இதை வைத்து என் வாதத்தை விட்டுக்கொடுத்ததாக நினைக்க வேண்டாம். டிக்கெட் எடுத்தது கண்ணூர்க்காரர்தான்.

கந்தர்மடத்தான்:
அதில் எனக்கு மறுப்பில்லை அண்ணை. ஒன்று மட்டும் சொல்லுங்கோ. கடைசிப் பதிவில், அந்த மாதக் கணக்கில் பதினொரு திர்ஹாம் குறைகிறது, யார் குறைத்துக் கொடுத்தது என்பதை அடுத்ததில் சொல்கிறேன் என்று முடித்திருந்தீர்கள். ஆர் அது?

பழைய துபாய்க்காரன்:
நான்தான்.