டாக்டரிடம் போய்வந்த தங்கையை அடிக்கும் அக்கா பூனை: பிரிப்பதா, விடுவதா?

மொட்டைமாடி:
ஐந்து வருஷம் ஒரே தட்டில் தின்ற அக்கா தங்கை, மீனாவும் சுந்தரியும். பல் பிடுங்க சுந்தரியை டாக்டரிடம் கொண்டுபோனேன். திரும்பி வந்து கூடையைத் திறந்ததும் மீனா வாலை பாட்டில் பிரஷ் மாதிரி சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தாள். மூன்று நாளாக சுந்தரி கட்டிலுக்கடியில். பிரிக்கப்போய் எனக்கும் கடி.

திண்ணைவாசி:
விட்டுவிடுங்கள். எங்கள் ஊர் வீட்டில் ஆறு பூனை. யார் பெரியவன் என்று தெரிந்ததும் தானாக அடங்கும். மிஞ்சினால் அப்பத்தா ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவார், அவ்வளவுதான்.

வால்நீளம்:
முதலில் கடிவாயை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இனிமேல் கையை விடாமல் நடுவில் ஓர் அட்டையை இறக்குங்கள்.

திண்ணை சார், உங்கள் ஊரில் தோற்ற பூனை சுவரேறிப் போய்விடும். இரண்டு பெட்ரூம் வீட்டில் எங்கே போகும்? தவிர, இது பெரியவன் சண்டையே இல்லை. பூனைக்கு ஆள் அடையாளம் பெரும்பாலும் வாடைதான். ஸ்பிரிட் நெடியோடு வந்த சுந்தரி, மீனாவுக்கு யாரோ. அந்த நேரம் தண்ணீர் ஊற்றினால், 'இவள் வந்தாலே வம்பு' என்றுதான் மனதில் பதியும்.

தனித்தனி அறையில் வையுங்கள். சோறு, தண்ணீர், மணல் தட்டு எல்லாம் தனி. ஒருத்தியின் கன்னத்தில் தேய்த்த துணியை மற்றவள் படுக்கையில் போடுங்கள். மூடிய கதவுக்கு இருபுறமும் தட்டு வைத்து, சீறாமல் தின்னும்வரை கதவைத் திறக்காதீர்கள். நாளாகலாம், வாரமும் ஆகலாம்.

திண்ணைவாசி:
பூனைக்குப் பெண் பார்க்கும் படலமா! எங்கள் கடுவன் இரண்டும் காது கிழியக் கிழிய அடித்துக்கொண்டு, அப்புறம் ஒரே சாக்கில்தான் தூங்கின.

வால்நீளம்:
தானாக அடங்கும் என்றீர்களே, காது ஏன் கிழிந்தது? கடுவன் என்றால் கருத்தடைதான் முதல் வேலை. அதுவும் அன்றைக்கே அடங்காது, சில வாரம் பிடிக்கும்.

திண்ணைவாசி:
சரி, ஒன்று சீழ் பிடித்துச் செத்தது வாஸ்தவம். ஆனால் வாரக்கணக்கில் பூட்டி வைத்தால் ஒன்றையொன்று மறந்தே போகாதா?

வால்நீளம்:
அதற்குத்தானே துணி.

மொட்டைமாடி:
ஊசி போட்டாயிற்று. துணியையும் போட்டேன். மீனா முகர்ந்து பார்த்து ஒருமுறை சீறினாள். பிறகு அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். இது நல்ல சகுனமா, ஆக்கிரமிப்பா?